டிவி வாங்கும் முன்: கேபிளா, டிஷ்ஷா, இணையமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தீபாவளித் தள்ளுபடி வந்ததும் முதலில் டிவியை வாங்கிவிட்டு, அதில் எதைப் பார்ப்பது என்று பிறகு யோசிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. 55 அங்குல 4கே டிவி சுவரில் ஏறிவிடும். அதில் ஓடுவதோ பழைய செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எஸ்டி, அதாவது சாதாரணத் தரச் சேனல். எஸ்டி படத்தில் அதிகபட்சம் 720×576 புள்ளிகள். 4கே திரையில் 3840×2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. திரையில் 20 புள்ளிகள் இருக்கும் இடத்துக்கு ஒரு புள்ளிக்கான தகவல்தான் வருகிறது. மீதியை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. முகங்கள் மெழுகு பூசியது போலத் தெரிவதும், ஓடும் எழுத்துகள் கலங்குவதும் இதனால்தான். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, டிவியில் கோளாறு எதுவும் இல்லை.

வரிசையை மாற்றிக்கொண்டால் பணமும் மிஞ்சும், படமும் நன்றாக இருக்கும். வீட்டில் எதைப் பார்க்கிறோம், அது எந்த வழியாக வரும், எவ்வளவு தூரத்தில் உட்கார்கிறோம், அதற்கு எந்த டிவி, கடைசியாக ஸ்பீக்கரும் ஸ்டிக்கும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, யார் எந்த சேனலை எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் பட்டியல் பத்துப் பதினைந்து சேனலைத் தாண்டாது. இருநூறு சேனல் பேக்கேஜுக்குக் கட்டும் பணம் எங்கே போகிறது என்பது அப்போது புரியும்.

பிறகு அந்தப் பட்டியலில் எதெல்லாம் இணையத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவியுடையவை ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழுடையவை ஜீ5-ல் இருக்கின்றன. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல, யூடியூபில் இலவசமாகவே நேரலையில் ஓடுகின்றன. எல்லாமே இணையத்தில் இருந்தால் கேபிளே வேண்டாமா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். எண் பொத்தானை அழுத்தினால் சேனல் வர வேண்டும் என்பது அவர்களுக்கு வசதி மட்டுமல்ல, யாரையும் கூப்பிடாமல் தானே டிவி போட்டுக்கொள்ளும் சுதந்திரம். ஆப்பைத் திறந்து, பெயரைத் தேர்ந்தெடுத்து, விளம்பரம் முடியக் காத்திருந்து பார்ப்பதை அவர்கள்மேல் திணிக்க வேண்டாம்.

கேபிள், டிஷ், ஃபைபர்

கேபிளில் தெருக் கேபிள்காரர் மூலம் வரும் தனியார் இணைப்பு உண்டு, அரசு கேபிளும் உண்டு. டிஷ்ஷில் சன் டைரக்ட், டாடா ப்ளே, ஏர்டெல், டிஷ் டிவி, டி2எச் ஆகியவை இருக்கின்றன. மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இருக்கிறது. ஆனால் அதில் இந்திச் சேனல்களே அதிகம். டிடி தமிழ் போதும் என்பவர்களுக்கும், தோட்டத்து வீட்டுக்கு ஒரு டிவி போதும் என்பவர்களுக்கும் அது சரி. சீரியல் பார்க்கும் வீட்டுக்கு ஒத்துவராது.

கேபிளோ டிஷ்ஷோ, பில்லில் இரண்டு பகுதிகள் இருக்கும்: சேனல்களுக்கான விலை, இணைப்புக்கான என்சிஎஃப் கட்டணம். இரண்டின் மீதும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் கொண்டுவந்த விதிப்படி என்சிஎஃப் 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2024-ல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். எனவே இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "என்சிஎஃப் எவ்வளவு, அதில் எத்தனை சேனல், இரண்டாவது டிவிக்கு எவ்வளவு?" என்று பிரித்துக் கேளுங்கள். சேனல்களைத் தனித்தனியாக எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏழு நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தனிச்சேனல் விலையையும் பேக்கேஜ் விலையையும் ஒப்பிட்டால், எது மலிவு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தினமும் பார்க்கும் மூன்று நான்கு சேனல்களையாவது எச்டியில் எடுங்கள். 43 அங்குலத்துக்கு மேல் டிவி வாங்கப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம். எச்டி சேனலுக்கு எச்டி பாக்ஸ் வேண்டும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் இணைக்கும் பழைய பாக்ஸில் வராது. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்துக்கு வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். மொபைல் எண் மாதிரி அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது.

டிஷ் என்றால் மொட்டைமாடியில் முதலில் பார்க்க வேண்டியது திசை. சென்னையிலிருந்து பார்த்தால் டாடா ப்ளேயின் செயற்கைக்கோள் (83 டிகிரி கிழக்கு) ஏறக்குறைய தெற்கே இருக்கிறது, சன் டைரக்டுடையது (93.5 டிகிரி) தென்கிழக்கே, ஏர்டெலுடையது (108.2 டிகிரி) இன்னும் கிழக்கே. தெற்கிலிருந்து கிழக்கு வரை வானம் திறந்திருக்க வேண்டும். இன்று எட்டாத தென்னை மட்டை இரண்டு வருடத்தில் குறுக்கே வரும். அதையும் கணக்கில் எடுங்கள். டிஷ்ஷின் முகம் எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பது போல இருந்தாலும், சிக்னல் அதைவிட நன்றாக உயரத்திலிருந்துதான் வருகிறது. எனவே எதிர்வீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தலைக்கு மேல் தொங்கும் கிளையைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் போவது எல்லா டிஷ்ஷிலும் நடக்கும். இந்தச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. மழை விட்டதும் தானாக வந்துவிடும். ஆனால் சின்னத் தூறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைந்தால், அது மழையின் தவறு அல்ல. டிஷ் இம்மியளவு திரும்பியிருக்கும், அல்லது இணைப்பியில் தண்ணீர் போயிருக்கும்.

அந்த இணைப்பியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாக்ஸின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். ஆர்ஜி-6 ஒயரின் முனையில் திருகு போல இருக்கும் உலோகத் தலை அது. நடுவில் ஒற்றைக் கம்பி, தலையின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது உள்ளே ஒடுங்கியிருந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். வெளிப்பக்கம் பின்னிய மெல்லிய கம்பிகள் முழுவதும் பின்னுக்கு மடிந்திருக்க வேண்டும். அதில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, "சிக்னல் இல்லை" என்று வரும். கம்பியில் பச்சைக் களிம்பு தெரிந்தால் ஓரங்குலம் வெட்டிவிட்டுப் புதுத் தலை போடச் சொல்லுங்கள். டேப் சுற்றிச் சமாளித்தால் அடுத்த மழையில் மறுபடி அதே கதைதான். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், துளையைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது. டிஷ் மாட்ட வருபவர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இது. பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி ஃபைபர். பிராட்பேண்ட் நிறுவனங்களே இப்போது நேரலைச் சேனல்களையும் ஃபைபர் வழியே தருகின்றன. பிஎஸ்என்எல் இதை 2024-ல் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் தொடங்கியது. மழைக்கு அசையாது என்பது இதன் பலம். தெருவில் பள்ளம் தோண்டும்போது ஒயர் அறுந்தால் டிவி, இணையம் இரண்டும் ஒன்றாகப் போகும் என்பது பலவீனம். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமானால் மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் வேண்டும். பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்

300 எம்பிபிஎஸ் எல்லாம் டிவிக்குத் தேவையில்லை. நெட்ஃப்ளிக்ஸ் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. இரண்டு டிவியும் நான்கு போனும் உள்ள வீட்டுக்கு 50 முதல் 100 எம்பிபிஎஸ் தாராளம். டேட்டா கணக்கு: எச்டி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி, 4கே ஏறத்தாழ 7 ஜிபி. "அன்லிமிடெட்" என்று சொல்லும் பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி எல்லை இருக்கிறது. 4கே மட்டுமே பார்த்தாலும் 470 மணி நேரம் வரும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம் என்று நினைத்தால், தினசரி 2 ஜிபி எச்டியில் 40 நிமிடத்தில் காலி.

படம் சுற்றிக்கொண்டே நிற்கும் புகார்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே பிறக்கின்றன. மோடம் வாசல் பக்கம், டிவி இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோடை, 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு இடித்துக்கொள்ளும். முடிந்தால் மோடத்திலிருந்து டிவிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். டிவியில் இருக்கும் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். அது குறைவு என்று கவலைப்பட வேண்டாம், 4கே படத்துக்கு அதுவே பல மடங்கு.

ஓடிடி சந்தா எடுக்கும்போது "டிவியில் ஓடுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மொபைலுக்கு மட்டுமான மலிவுத் திட்டங்கள் டிவியில் ஓடாது. ரீசார்ஜோடு இலவசமாக வருபவற்றில் இது அடிக்கடி நடக்கிறது.

டிவியின் அளவு

டேப்பை எடுத்துச் சோபாவிலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். திரையின் குறுக்களவைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு தூரம் எச்டிக்கும் 4கேக்கும் வசதியானது. 43 அங்குலத்துக்கு அது ஐந்தே முக்கால் அடி. 55-க்கு ஏழேகால் அடி. 65-க்கு எட்டே முக்கால் அடி. எஸ்டி சேனல்தான் அதிகம் என்றால் இரண்டரை மடங்காவது தள்ளி உட்கார வேண்டும். அதாவது ஒன்பதடி ஹாலில் 43-க்கு மேல் போக வேண்டாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது; அதற்கு முந்தைய விலையைக் காட்டித் "தள்ளுபடி" என்றால் நம்பாதீர்கள்.

பெட்டியில் எல்இடி, க்யூஎல்இடி என்று எது போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது எல்சிடி திரையும் பின்னால் எல்இடி விளக்கும்தான். க்யூஎல்இடியில் நிறம் கூடுதலாக வரும். ஓஎல்இடி மட்டும் வேறு இனம்: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. நம் வீடுகளுக்கு முக்கியமான கேள்வி வேறு. ஹாலில் நேர் எதிரே இரண்டு பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் பக்கவாட்டில், தரையில், சமையலறை வாசலில் நின்று பார்ப்பார்கள். ஐபிஎஸ் வகைத் திரையில் பக்கவாட்டிலிருந்தும் நிறம் மாறாது. விஏ வகையில் இருட்டுக் காட்சிகள் அழகாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். கடையில் டிவியின் ஓரத்துக்குப் போய் நின்று பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். கடையில் ஓட்டும் பளபளப்பான டெமோவை நிறுத்தச் சொல்லி, உங்கள் ஊர்ச் சேனல் ஒன்றைப் போடச் சொல்லவும் தயங்காதீர்கள்.

வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும் எச்டிஆர் முத்திரை விலை குறைந்த டிவியில் இருந்தாலும், திரைக்கு அவ்வளவு வெளிச்சம் இல்லாததால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

ஸ்மார்ட் என்ற சொல்லுக்குள்

கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், அமேசானின் ஃபயர் டிவி ஆகியவை முறையான இயங்குதளங்கள். மலிவு டிவிகள் சிலவற்றில் "ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு" என்று மட்டும் எழுதியிருக்கும். அது போன்களுக்கான திறந்த ஆண்ட்ராய்டைக் கூகுளின் சான்று இல்லாமல் போட்டது. அதில் நெட்ஃப்ளிக்ஸ் வராது, வந்தாலும் கலங்கலாக ஓடும். படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டான வைட்வைனின் சான்று எல்1 நிலையில் இல்லாவிட்டால் ஓடிடிகள் எச்டி தராது. கடையிலேயே நெட்ஃப்ளிக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரேம் 2 ஜிபி இருக்கட்டும். 1 ஜிபி டிவி ஒரு வருட அப்டேட்டுகளிலேயே தவழ ஆரம்பிக்கும்.

"எல்லா ஓடிடியும் ஆயுள் முழுக்க இலவசம்" என்று விற்கும் பெயரில்லா ஆண்ட்ராய்டு பாக்ஸைத் தொடவே வேண்டாம். திருட்டுப் படம் என்பது ஒரு பக்கம், பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் இப்படிப்பட்ட பாக்ஸ்களில் வரும்போதே ஏற்றப்பட்டிருக்கிறது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. உங்கள் வைஃபையிலேயே உட்கார்ந்து, உங்கள் இணைய முகவரியை மற்றவர்களின் குற்றங்களுக்கு வாடகைக்கு விடும் வேலையை அது செய்கிறது.

பழைய டிவி நன்றாக இருந்து ஸ்மார்ட் மட்டும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ துளையில் செருகி ஓடிடி ஆப்புகளை ஓட்டும் ஒரு ஸ்டிக் போதும். அதன் மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். சாதாரண யூஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒன்றோ அதற்கு மேலோ வேண்டும். படம் நடுவில் நின்று ஸ்டிக் தானாக மறுபடி ஆரம்பிக்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். கூட வந்த அடாப்டரையே சுவர்ப் ப்ளக்கில் போடுங்கள்.

சத்தம்

மெல்லிய டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் வசனத்தை எதிரொலியாக்கும். சவுண்ட்பார் வாங்கினால், டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயர் வழியே வாங்கிக்கொள்ளும் ஏஆர்சி வசதி உள்ளதாக வாங்குங்கள். டிவியின் பின்னால் உள்ள மூன்று எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும். அதில்தான் செருக வேண்டும். மற்றதில் செருகினால் சத்தம் வராது. பிறகு செட்டிங்ஸில் சிஇசியை இயக்கினால் டிவி ரிமோட்டாலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆப்டிகல் ஒயரில் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி வராது. புளூடூத்தில் உதடும் சொல்லும் பிரியும்.

மாட்டுவது, மின்சாரம், இடி

மாட்டும் உயரம் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து 105 முதல் 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். தரையில் உட்காருபவருக்கு 75 முதல் 80. திரையின் நடுப்பகுதி இவற்றுக்கு அருகில் இருக்கட்டும். ஷோகேஸுக்கு மேலே ஆறடியில் மாட்டினால் கழுத்து வலிதான் மிச்சம். கூட வரும் திருகுகளையே பயன்படுத்துங்கள். நீளமான திருகு பின்பலகையைத் தாண்டித் திரையைத் தொட்டால் வாரண்டி கிடைக்காது.

பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் 100–240 வோல்ட் என்று இருந்தால் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம். தெருவில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரும் ஊராக இருந்தால், அதிக வோல்ட்டில் துண்டிக்கும் வசதியுள்ள ஒன்றைப் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். 100 வாட் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட்.

இடி இடிக்கும்போது ப்ளக்கைப் பிடுங்குவது எல்லோருக்கும் தெரியும். டிஷ் ஒயரைக் கழற்ற மறந்துவிடுகிறோம். மின்னலின் வேகம் அந்த ஒயர் வழியே பாக்ஸுக்கும், பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியே டிவிக்கும் வருகிறது. மழைக்குப் பிறகு டிவி ஓடுகிறது, எச்டிஎம்ஐ மட்டும் செத்துவிட்டது என்ற கோளாறு இப்படித்தான் உண்டாகிறது. மேகம் இருட்டும்போதே இரண்டையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள்.

வந்த அன்று

நிறுவனத்தின் ஆள் வரும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம். பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுத்து, பில்லில் உள்ள சீரியல் எண்ணும் டிவியின் சீரியல் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். யூடியூபில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலத் திரைகளை ஓட்டி, செத்த புள்ளி, ஓரத்தில் ஒளிக்கசிவு இருக்கிறதா என்று அறையை இருட்டாக்கிப் பாருங்கள். முதல் முறை இயக்கும்போது வீடா, கடையா என்று கேட்கும். "வீடு" என்று கொடுங்கள். "கடை" என்றால் வெளிச்சம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். படத்தை விவிட்டிலிருந்து சினிமா நிலைக்கு மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் கண்ணுக்குப் பழகி, தோல் நிறம் சரியாகத் தெரியும். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதியைத் திரைப்படத்துக்கு அணைத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் செட்டிங்ஸில் வெளியீடு 1080, 16:9 என்று இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் 576-லேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், எச்டிக்குப் பணம் கட்டியும் எஸ்டிதான் ஓடுகிறது.

கோளாறுக்கு நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஓடிடி சந்தாக்களின் ஆட்டோபே எத்தனை ஓடுகின்றன என்று யூபிஐ ஆப்பில் மாதம் ஒருமுறை பாருங்கள். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஐபிஎல்லுக்காக எடுத்த சந்தாவை இறுதி ஆட்டம் முடிந்த அன்றே அங்கேயே ரத்து செய்யலாம்.